யாரும் தேய்க்காத எண்

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம், நீதிமன்ற வளாகத்துக் கேன்டீனில், காஜா பாயின் வக்கீல் அதன் நகலை என் முன்னால் வைத்தார். அவருக்கு அது நீதிமன்ற அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் கிடைத்திருந்தது. நான் படித்ததை அப்படியே உனக்குச் சொல்கிறேன். காஜா பாயின் காரில், இன்ஜின் பிளாக்கில் எண் அடித்திருக்கும் பரப்பு பல தடவை, ஒரே திசையில், வேண்டுமென்றே தேய்க்கப்பட்டிருக்கிறது. ஓர் எண்ணை அழித்துவிட்டு வேறு எண் அடித்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தீர்மானிக்க இயலவில்லை. உறுதியானது இவ்வளவுதான்.

'வேண்டுமென்றே' என்ற சொல்லின் கீழ் வக்கீல் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

அங்கிருந்து தாராவிக்கு, காஜா பாயின் கார்ப் பட்டறைக்குப் போனேன். பட்டறை வாசலில் ஓர் ஆள் டீசலில் நனைத்த துணியால் இரும்புத் துண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துரு தேய்க்கும் எமரித் தாள் பாதி கிழிந்து கிடந்தது. அந்த டீசல் வாசனையும், எமரி உரசிய இரும்பின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில், அவற்றுக்குப் பின்னால் நாலாக மடித்த எமரித் தாள். அது சட்டையை அரித்து ஓட்டை போடுகிறது என்று உன் மனைவி விஜி எல்லாப் பைகளுக்கும் உள்ளே தடித்த துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மும்பையில் பைக்கு லைனிங் போட்ட சட்டை அணிந்த ஒரே சர்வேயர் நீ என்று நான் கேலி செய்வேன்.

மாட்டுங்காவில் ஒரே கட்டடத்தில், ஒரே பள்ளியில் வளர்ந்தோம். நான் பத்திரிகைக்குப் போனேன். நீ வாகனக் காப்பீட்டு சர்வேயர் ஆனாய். இடித்த கார், எரிந்த கார், வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று பார்த்துப் பார்த்து அலுத்தவனுக்கு, பழைய இங்கிலீஷ் கார்களின் எண்களைப் படிப்பதில் மட்டும் அலுப்பு வரவில்லை. பல் டாக்டர் வைத்திருக்கும் சின்ன வளைந்த கண்ணாடியை எங்கோ வாங்கி வைத்திருந்தாய். அதை இன்ஜின் இடுக்கில் நுழைத்து, தலைகீழாகத் தெரியும் எழுத்துகளை நேராகப் படிப்பாய்.

"இங்கிலீஷ்காரன் இன்ஜினுக்கும் இனிஷியல் வச்சிருக்கான் பாரு. முதல் எழுத்து எந்தக் குடும்பம். அடுத்தது எந்த வண்டிக்குன்னு பண்ணினது. இது கம்ப்ரஷன், கூடவா குறைச்சலா. கடைசில வர்றது பொறந்த வரிசை" என்று ஒரு தடவை எனக்கு விளக்கினாய்.

மலபார் ஹில்லில் ஒரு பங்களா நினைவிருக்கிறதா? சேட் ஒருவர் தன் கார் ஒரு மகாராஜா வேட்டைக்குப் போனது என்று நமக்கு முந்திரி பர்பி கொடுத்துக்கொண்டே சொன்னார். நீ கண்ணாடியை நுழைத்துப் பார்த்தாய். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: "டேய், இது டெலிவரி வேன் இன்ஜின்டா. மகாராஜா கார்த்தால வீடு வீடாப் பால் போட்டிருப்பார் போலருக்கு." நான் பர்பியை விழுங்க முடியாமல் தவித்தேன். சேட்டிடம் நீ மரியாதையாக, "சேட்ஜி, காடி ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்ஜின் தோடா மேனத் வாலா ஹை" என்றாய். இன்ஜின் கொஞ்சம் உழைப்பாளி. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு பர்பி வைத்தார்.

திரும்பும் வழியில், எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய் என்று கேட்டேன். "எண்ணைப் பார்த்ததும் இது இன்னதுன்னு சொல்லப்படாது. என்னவா இருக்க முடியாதுன்னு முதல்ல பார்க்கணும். மிச்சம் இருக்கறதைத்தான் எழுதணும்" என்றாய். செய்தி எழுதும்போது பல தடவை நான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது உன் விஷயத்திலேயே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இப்போது வழக்கில் இருக்கும் காரைக் காஜா பாய் வாங்கிய நாளில் நான் உடன் இருந்தேன். தாராவிப் பட்டறைகளைப் பற்றி ஞாயிறு இதழுக்கு எழுத வந்தவன், நீயும் வருகிறாய் என்றதும் அந்த நாளையே தேர்ந்துகொண்டேன். மேலப்பாளையத்திலிருந்து அவருடைய வாப்பா காலத்தில் வந்து நிலைத்த குடும்பம். பழைய இரும்புக் கடையிலிருந்து கூடாக வந்து இறங்கியிருந்தது கார். பாடியில் ஆணியடித்து வைத்திருக்கும் சேஸிஸ் எண் தகடு எப்போதோ போய்விட்டிருந்தது. மிஞ்சியவை இன்ஜினில் ஓர் எண், கியர்பாக்ஸில் ஓர் எண்.

"சார், இது வேற யார் ஊட்டுச் சாமானாவும் இருந்துச்சுன்னா எனக்கு வேண்டாம். ஹராமான பொருள வாசல்ல நிறுத்திட்டு நான் தொழப் போக முடியாது. பாத்துச் சொல்லுங்க" என்றார் காஜா பாய்.

பதிவுப் புத்தகத்தில் எண் மூன்றில் முடிந்தது. பிளாக்கில் எண் இருக்க வேண்டிய இடத்தில் துரு மட்டும் தெரிந்தது. நீ டீசல் துணியால் துடைத்தாய். எமரித் தாளை எடுத்துத் தேய்த்தாய். நெடுநேரம் தேய்த்தாய். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிறகு கட்டை விரலை வைத்து, நகத்தால் கடைசி இலக்கத்தின் ஓரத்தைத் தடவினாய்.

"மூணு. எட்டா இருந்தா இடது பக்கம் நகத்துல தட்டும். தட்டலை. வாங்கிக்கோங்கோ, பாய்."

காஜா பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உன் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அதைக் குறிப்பெடுத்தேன். நீ தேய்த்ததையும், பிறகு படித்ததையும் அந்த வரிசையில்தான் பார்த்தேன். அந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு முறை காப்பீடு புதுப்பிக்கும்போதும் பென்சில் அச்சு எடுக்க வேண்டும். எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலக்கங்கள் வெள்ளையாக எழும்பும். அச்சு மங்கினால் அலுவலகம் திருப்பி அனுப்பும். மும்பைக் காற்றில் இரும்பு ஒரு மழையைத் தாங்காது, திரும்பவும் துரு. திரும்பவும் எமரி. "அச்சு தெளிவா வரணும், பாய். நான் வரதுக்கு முன்னாடியே நன்னாத் தேச்சு வைங்கோ" என்று போனில் சொல்வாய். அவர் தேய்த்து வைப்பார். நீ வந்து, உன் திருப்திக்கு இன்னொரு தடவை தேய்ப்பாய். ஆர்டிஓ வேலைக்கு ஒரு தடவை. பழைய கார் ஊர்வலத்துக்கு ஒரு தடவை. உங்கள் இருவரைப் போல அந்த எண்ணை யாரும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு உன் நோய். மருந்து ஏறிய மாதங்களில் உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. காபி டம்ளரின் சூடு தெரியவில்லை என்றாய். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தாராவிக்கு அழைச்சுண்டு போறியா?" என்று கேட்டாய். ஏன் என்று சொல்லவில்லை. டாக்ஸியில் வழி முழுக்கப் பேசவில்லை.

பட்டறையில் காஜா பாய் பானெட்டைத் திறந்து வைத்தார். நீ குனிந்து கட்டை விரலை வைத்தாய். எடுத்தாய். மறுபடி வைத்தாய். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"எனக்குத் தெரியலைடா. நீ வச்சுப் பாரு. என்ன தட்டறது?"

நான் விரலை வைத்தேன். "ஒண்ணும் தட்டலையேடா. வழவழன்னு இருக்கு."

"நகத்தால பாரு."

பார்த்தேன். கடைசி இலக்கத்தின் வலது பக்கத்தில் லேசான பள்ளம். இடது பக்கத்தில் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய இலக்கங்களிலும் பாதிக்கு எதுவும் இல்லை. சொன்னேன். நீ நிமிர்ந்து, சுவரில் தொங்கிய ஸ்பானர்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஒத்தை ஒத்தை இலக்கமா பஞ்ச் வச்சு சுத்தியால அடிக்கறது இது. அடிக்கறவன் கை சாஞ்சா ஒரு பக்கம் ஆழமா விழும், ஒரு பக்கம் மேலோட விழும்" என்றாய், யாரிடமோ சொல்வது போல. பிறகு காஜா பாயிடம் திரும்பினாய். "பாய், கிரீஸ் போட்டு மூடுங்கோ. இனிமே யாரும் தேய்க்க வேண்டாம். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்கோ."

அந்த மழைக்காலத்திலேயே நீ போய்விட்டாய்.

அடுத்த குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் கூடும் இடத்துக்குக் காஜா பாய் காரைக் கொண்டுபோனார். அங்கே ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். புனேயிலிருந்து வந்தவர். தன் தாத்தாவின் கார், பூட்டிய ஷெட்டிலிருந்து காணாமல் போனது, அதே வகை, அதே நிறம் என்றார். அவரிடம் இருந்த பழைய காகிதத்தில் இன்ஜின் எண் எட்டில் முடிகிறது. மற்ற இலக்கங்கள் எல்லாம் காஜா பாயின் பதிவுப் புத்தகத்தில் உள்ளவையே. போலீஸ் வந்து கிரீஸைத் துடைத்தது. கண்ணாடி போல் பளபளத்த பரப்பைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. எண்ணைத் தேய்த்து அழித்து, கிரீஸ் பூசி மறைத்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். கார் இப்போது போலீஸ் யார்டில் நனைகிறது. காஜா பாய் ஜாமீனில் இருக்கிறார்.

வியாழக்கிழமை பட்டறையில் அவர் எனக்கு டீ வரவழைத்தார். உள்ளே வேலைக்கு வந்த கார் ஒன்றே ஒன்று நின்றது. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சொன்னேன்.

"சரிதான், தேச்சது உண்மைதான?" என்றார்.

"தேய்க்கச் சொன்னது யாருன்னு போலீஸ்ல நீங்க ஏன் சொல்லலை, பாய்?"

"யாரு சொன்னா என்ன? என் பட்டற, என் காரு, என் கையி. நாந்தான் தேச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தேச்ச பொறுப்புல பாதியாவது அவன் பேர்ல இருக்கு."

அவர் டீயைக் கீழே வைத்தார். "அண்ணே, மவுத்தானவங்களப் பத்தி நல்லதத் தவிர எங்கள்ல பேசப்படாது. சார் எங்க ஆளுவ இல்லதான். ஆனா மவுத்து எல்லாருக்கும் ஒண்ணுதான? காப்பி இல்லாம மூச்சு விடாத மனுசன், நோம்பு மாசத்துல இங்க வந்தா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாரு. 'நீங்க பட்டினி, எனக்கென்ன காப்பி'ம்பாரு. அவரக் கோர்ட்டுல நிறுத்தச் சொல்லுதியளா? அவரால வந்து பதில் சொல்ல முடியுமா?"

"உங்க பேர் போகுதே?"

"போயிட்டுல்லா. மக வீட்டுல சம்மந்தக்காரவ கேக்காவ, 'சோரி கா காடி கேஸாமே, திருட்டு வண்டியாமே'ன்னு. மக போன எடுத்து அழுதா. நான் என்ன சொல்ல? அல்லாவுக்குத் தெரியும்னேன். மாப்பிள்ளைக்குத் தெரியணுமே வாப்பான்னா." சிரித்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அப்படியானால் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். வக்கீலும் அதைத்தான் கேட்கிறார். சாட்சிக் கூண்டில் ஏறி, நீ தேய்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அது காஜா பாயைக் காப்பாற்றலாம். ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். தேய்ப்பதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது? சாய்ந்து அடித்த எட்டின் இடது பக்கம், மேலோட்டமாக, துருவுக்குள் இருந்திருந்தால்? உன் எமரி முதல் நாளே அதை எடுத்துவிட்டு, மிஞ்சியதைப் பார்த்து நீ மூன்று என்று சொல்லியிருந்தால்? அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி நடந்திருக்க முடியாது என்று சொல்லத்தான் ஆசைப்படுகிறேன். சொல்ல முடியவில்லை.

நேற்று செம்பூருக்கு, விஜியைப் பார்க்கப் போனேன். நான் கோபர்கைரனேயில் குடியேறியதிலிருந்து உன் வீட்டுக்கு வருவதென்றால் வாஷியில் ரயில் மாற வேண்டும். மான்குர்த் தாண்டியதும் எழுந்து கதவோரம் நின்றுவிட்டேன். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று இறங்கும்வரை முடிவாகவில்லை.

விஜி காபி கொடுத்தாள். உன் நாற்காலியில் துவைத்த துணிகள் மடிக்காமல் கிடந்தன. யாரும் அதில் உட்காராமல் இருக்கத்தான் போட்டு வைத்திருக்கிறாளோ என்று தோன்றியது. விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் பேரைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"பேர் சொல்லாம எப்படி சாட்சி சொல்றது, விஜி?"

"ஏன், 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்'னு எழுதி எழுதித்தானே ரிட்டையர் ஆனேள்? ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் மறைச்சேள். சிநேகிதனுக்கு மட்டும் முடியலையா?"

அவளே தொடர்ந்தாள். "அவர் என்ன சேர்த்து வச்சார்? இந்த ஃப்ளாட், அந்தக் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட்டா ஆபீஸ்ல மறுபேச்சு கிடையாதும்பா. அதையும் கோர்ட்ல போட்டு உடைச்சுட்டா எனக்கு என்ன மிச்சம்?"

கிரீஸ் போடச் சொன்ன நாளை அவளிடம் சொல்வதாக இல்லை. கூண்டிலும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றே நினைத்திருந்தேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'பூசி மறைத்தார்' என்ற குற்றச்சாட்டு அந்த கிரீஸில்தான் நிற்கிறது. அதைப் போடச் சொன்னவன் நீ. சொல்லிவிட்டேன். உன் விரல் மரத்திருந்ததையும், என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னதையும்.

விஜி எழுந்து உன் நாற்காலியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு ஆத்துக்கு வந்து கையை அலம்பிண்டே இருந்தார். சோப்பு, அப்புறம் சீயக்காய், அப்புறம் மறுபடி சோப்பு. 'போயிடுத்தா பாரு, போயிடுத்தா பாரு'ன்னு என்கிட்ட கையை நீட்டிண்டே இருந்தார். விரல்ல உணர்ச்சி இல்லையே, அதான் கேக்கறார்னு நினைச்சேன். எப்பவோ போயிடுத்துன்னேன். 'இல்லை, இருக்கு'ன்னார்." மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். அவன் அப்படிச் சொல்லலை. மூடச் சொன்னான். அதை மட்டும்தான் நான் கேட்டேன்."

"அதையும் சொல்லிடுங்கோ" என்றாள். "பாதியை விட்டுட்டு வந்தேள்னா அவருக்குப் பிடிக்காது. அச்சுல ஒரு இலக்கம் மங்கினாலே கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எடுக்கற மனுஷர்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது போலிருந்தது. மறுபடி எடுத்த ஒவ்வொரு தடவையும் எமரி. அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "எந்த கோர்ட்டுன்னு எழுதிக் கொடுங்கோ. நானும் வரேன். நீங்க சொல்றதை நான் அங்க உக்காந்து கேக்கணும். அந்த பாயையும் பார்க்கணும். அவர் ஏன் வாயே திறக்கலைன்னு கேக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். வாசல்வரை வந்தவள், காஜா பாய்க்கு நோன்பு எப்போது என்று மட்டும் கேட்டாள். இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்றேன்.

கேட்டிருந்தால் அன்று டாக்ஸியில் நீ சொல்லியிருப்பாயா? நான் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிறேன். தொழிலில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டவன், உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நோயாளி, களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி வாரங்களிலும் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தாய் என்பது உறுதி. ஏன் என்பது உறுதியல்ல. அந்த இடத்தை நான் வெறுமையாகவே விடுகிறேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கட்டை விரல்தான். உன்னுடையது உணராததை அது உணர்ந்தது. இப்போதும் மேசை விளிம்பிலோ, ரயில் கம்பியிலோ, வழவழப்பான எதையாவது தொடும்போது, நகம் தானாக இடது பக்கம் போய்த் தட்டிப் பார்க்கிறது.

இனி நிலுவையில் இருப்பது கியர்பாக்ஸ். புனேக்காரரின் காகிதத்தில் அதன் எண்ணும் இருக்கிறது; அது ஒத்துப்போனால் நம் கடைசி இலக்கம் எட்டு, ஒத்துப்போகாவிட்டால் மூன்று. அந்த எண் காருக்கு அடியில், அலுமினியக் கூட்டின் மேல், எண்ணெயும் மண்ணும் இறுகிய அடுக்குக்குள் கிடந்தது. எந்த அலுவலகமும் அதற்குப் பென்சில் அச்சு கேட்டதில்லை. அதனால் நீயோ காஜா பாயோ அதை ஒரு நாளும் தேய்க்கவில்லை. உப்புக் காற்று அரித்திருக்கலாம், கியர்பாக்ஸே இடையில் மாறியிருக்கலாம் என்று நீ எச்சரிப்பாய். அதையும் வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். கூட்டைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த அறிக்கை தீபாவளி விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும் வாரத்தில் எதிர்பார்க்கப்படுகிறது. என் சாட்சியமும் அதே வாரம்தான். எது முதலில் வரும் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.